பாதி வருஷத்துக்கு மேல்

கோடியாக், அலாஸ்கா
2008 பிப்ரவரி 10

நடீன் அக்காவுக்கு,

லோனி எழுதுகிறேன். உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. விரல்கள் மட்டும் காலையில் மடங்க மறுக்கின்றன. மீன் ஆலையில் ஐஸ் தண்ணீரில் கை வைத்து நிற்கிற எல்லோருக்கும் உள்ளதுதான். உன் காது எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனாயா, இல்லை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே இருக்கிறாயா?

நேற்று வரிக் கணக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கென்றே வருஷத்தில் மூன்று மாதம் மட்டும் திறந்திருக்கிற கடை ஒன்று இங்கேயும் இருக்கிறது. வழக்கம்போல ஷெல்பியை, என்னை நம்பி இருக்கிற பிள்ளை என்று, என் பேருக்குக் கீழே போட்டேன். அங்கிருந்த பெண் அவள் பிறந்த தேதியெல்லாம் தட்டிவிட்டு, "போன வருஷம் எத்தனை மாசம் உங்ககூட இருந்தா?" என்றாள். "பன்னெண்டு" என்றேன். வேறென்ன சொல்வது, அவள் என் பிள்ளைதானே.

பிள்ளைக்கான சலுகையும் சேர்ந்து நல்ல தொகை திரும்பி வருமாம். வந்ததும் அப்படியே உனக்கு அனுப்புகிறேன். ஷெல்பிக்கு மூக்குக்கண்ணாடி மாற்று. மீதியில் கூரையைப் பார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் குரல் கரகரவென்று இருந்தது. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். ஒன்பது வயதில் இப்படிப் பதில் சொல்ல யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும்.

உன் தம்பி
லோனி


லாரல் ஃபோர்க், கென்டக்கி
2008 மார்ச் 2

லோனிக்கு,

கடிதம் வந்தது. காது அப்படியேதான். இடது பக்கம் சுத்தமாகப் போய்விட்டது, வலது பக்கம் நல்லவர்கள் பேசினால் மட்டும் கேட்கிறது. போன் என் கையில் வெறும் மரக்கட்டை. அதனால் நீ எழுதுவதை நிறுத்திவிடாதே. கைக்கு ஆட்டுக்கொழுப்பு தடவு, கையுறை போட்டுத் தூங்கு.

ஷெல்பிக்குச் சளிதான். இப்போது சரியாகிவிட்டது. நேற்று அவரைக்கொட்டை சூப்பும் சோளரொட்டியும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் நான் போடும்போது மட்டும் தட்டை நீட்டாமல் அடுத்த வரிசைக்குப் போகிறாள். தோழிகள் முன்னால் அத்தையைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வெட்கமாம். வீட்டுக்கு வந்ததும், "அத்த, எனக்கு எடுத்து வச்சியா?" என்று கேட்கத் தெரிகிறது.

பன்னிரண்டு மாதமும் உன்னோடு இருந்தாள் என்று சொன்னாயா? அப்படியானால் என் வீட்டில் பிஸ்கட்டையெல்லாம் தின்று தீர்ப்பது யார்? பேயா?

சும்மா கேலி செய்கிறேன். பிப்ரவரி பிறந்தால் இங்கே எல்லா வீட்டிலும் இதே பேச்சுதானே. சித்தப்பா மகன் வெர்லின் போன வருஷம் சுரங்கத்தில் விடாமல் வேலை பார்த்தான், கூலி அதிகமானால் திரும்பி வருவதும் அதிகம் என்று, அவன் தங்கை தன் சின்னவனை அவன் பேரில் போட்டுக்கொள்ளக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பையன் வெர்லின் வீட்டில் ஒரு ராத்திரி தூங்கியதில்லை. உருளைக்கிழங்கு மூட்டையைக் கைமாற்றுகிற மாதிரி கைமாற்றுகிறார்கள், யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. பெற்றவள் டீனா செத்துப்போய், நீ வடக்கே வேலைக்குப் போய், பிள்ளை என்னிடம் வந்து நாலு வருஷம் ஆகிறது. நாலு வருஷமும் நீதான் போட்டாய். போட்டுக்கொள்.

அக்கா
நடீன்


கோடியாக்
2008 ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பனி விட்டு மழை பிடித்துக்கொண்டது.

வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளை பாதி வருஷத்துக்கு மேல் என்னோடு ஒரே வீட்டில் வசித்ததற்குச் சான்று வேண்டுமாம். பள்ளிக்கூடத்திலிருந்து, இல்லையென்றால் டாக்டரிடமிருந்து, இல்லையென்றால் அவளைப் பார்த்துக்கொள்கிறவரிடமிருந்து.

அவளைப் பார்த்துக்கொள்கிறவள் நீதானே. இரண்டு வரி எழுதிக் கொடு. ஷெல்பி அப்பாவோடுதான் இருக்கிறாள், அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. ஒரு வகையில் அது உண்மைதான். என் வேலை கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட ஆபீஸிலும் கேட்டுப் பார். உனக்கு அங்கே எல்லோரையும் தெரியும்.

லோனி


லாரல் ஃபோர்க்
2008 மே 11

தம்பிக்கு,

சுகம்தான். இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன், அதனால்தான் இத்தனை நாள்.

பள்ளிக்கூட ஆபீஸில் கேட்டேன். அங்கிருக்கிற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நடீன், இங்க எல்லாத்துலயும் உன் வீட்டு விலாசம்தான் இருக்கு. வேற மாதிரி எழுதச் சொன்னா நான் எப்படி எழுதுவேன்?" என்றாள். அவளுக்கு வேறு வழியில்லை.

எனக்கும் இல்லை, லோனி. எழுத உட்கார்ந்தேன். ஷெல்பி தன் அப்பாவோடு வசிக்கிறாள் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால், அவள் எதிரில் உட்கார்ந்து பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள். அதற்குமேல் கை ஓடவில்லை.

நீ அவளுடைய அப்பா என்று எழுதச் சொல், நூறு தடவை எழுதுகிறேன். அவள் காலில் போட்டிருக்கிற ஷூ உன் கூலி என்று எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்வரை சர்ச் உடுப்பைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதுகிறேன். ஆனால் இங்கே இருந்த பிள்ளையை அங்கே இருந்தாள் என்று எழுத மாட்டேன். அவளுக்கு ஜுரம் வந்த ராத்திரிகளில் நான்தான் முழித்துக் கிடந்தேன். அதை நீ இருந்ததாக நானே எழுதிக் கொடுத்தால், அப்புறம் நான் எங்கே இருந்தேன்?

கோபித்துக்கொள்ளாதே. கூரையை வெர்லின் வந்து ஒட்டிக் கொடுத்துவிட்டான். பணத்துக்காக நீ எதுவும் செய்ய வேண்டாம்.

நடீன்


கோடியாக்
2008 மே 30

அக்காவுக்கு,

பணம் என்று யார் சொன்னது? இதுவரை வந்ததில் ஒரு டாலர் நான் வைத்துக்கொண்டேனா?

வருஷத்தில் ஒரு தடவை அவள் பேரை என் பேருக்குக் கீழே எழுதுகிறேன். மகள் என்று எழுதுகிறேன். மற்ற நாளெல்லாம் நான் இங்கே ஒரு அடையாள எண், அவ்வளவுதான். பத்துப் பேர் தங்குகிற கொட்டகையில் என் கட்டிலுக்கும் ஒரு எண். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று இந்த ஊரில் எந்தக் காகிதத்திலும் இல்லை, அது ஒன்றைத் தவிர. அதையும் நீங்கள் இரண்டு பேரும், நீயும் அந்த வரி ஆபீஸும், இல்லை என்று சொல்கிறீர்கள்.

யோசித்துப் பார்த்தேன். அவர்கள் கேட்பது நியாயம்தான். கூட இருந்தால்தான் என் பிள்ளை. அப்படியானால் கூட இருக்கட்டும். ஜன்னலில் துறைமுகம் தெரிகிற மாதிரி இரண்டு அறை வாடகைக்குப் பிடித்துவிட்டேன். பக்கத்து வீட்டில் மிலாக்ரோஸ் என்று ஒரு பிலிப்பினோ அம்மா, எங்கள் ஆலையில்தான் வேலை. பள்ளிக்கூடமும் நடக்கிற தூரம்.

பள்ளிக்கூடம் விட்டதும் அவளை அனுப்பி வை. டிக்கெட் பணம் இதோடு இருக்கிறது. இதற்காவது மாட்டேன் என்று சொல்லாதே.

லோனி


லாரல் ஃபோர்க்
2008 ஜூன் 15

லோனிக்கு,

வருகிற இருபத்தைந்தாம் தேதி புதன்கிழமை லெக்சிங்டனில் விமானம் ஏற்றுகிறேன். கூட்டிப்போக விமானத்துப் பெண் ஒருத்தி வருவாளாம். நீ நேரத்தோடு போய் நில். பிள்ளையைக் காக்க வைக்காதே.

"அப்பாகிட்டப் போறியா?" என்று கேட்டேன். "அங்க கரடி இருக்கா?" என்றாள். இருக்கும் என்றேன். "அப்ப நீயும் வா" என்றாள். கரடிக்கு என்னைப் பிடிக்காது என்று சொல்லிச் சிரித்து வைத்தேன்.

பால் சூடாகக் கொடுத்தால் குடிக்க மாட்டாள். இருட்டில் தூங்க மாட்டாள், நடையில் ஒரு விளக்கு எரிய வேண்டும். மீன் பிடிக்காது. அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள், அதனால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. பல் ஒன்று ஆடுகிறது. தலை பின்னும்போது அதிகம் இழுக்காதே. பின்னத் தெரியாவிட்டால் அந்தப் பிலிப்பினோ அம்மாவிடம் கேள்.

நான் நன்றாக இருக்கிறேன். கோடை விடுமுறை, சமையலறையில் வேலை இல்லை. வீட்டுக்கு வெள்ளை அடிக்கலாம் என்று இருக்கிறேன்.

அக்கா


கோடியாக்
2008 ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். சால்மன் பருவம், பேனா பிடிக்க நேரமில்லை. நாங்கள் இருவரும் சுகம்.

ஷெல்பி வந்தபிறகு வீடு வீடாக இருக்கிறது. ஜன்னலிலிருந்து கழுகு பார்க்கிறாள். எந்தப் படகு எத்தனை மணிக்குத் திரும்பும் என்று எனக்கே சொல்கிறாள். சோறு வடிக்கப் பழகிவிட்டாள். நான் வரும்போது என் தட்டு மேஜையில் மூடி இருக்கும். டிவியில் வருவதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இங்கே பத்து மணிக்குமேல்தான் இருட்டுகிறது, அதனால் விளக்குப் பிரச்சினையும் இல்லை. பல் விழுந்துவிட்டது. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை, ஒரு நாள் பார்த்தேன், இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவேன். வீட்டு விலாசம் என்று கேட்டால் என்னுடையதைக் கொடுப்பேன். நினைத்தாலே நன்றாக இருக்கிறது.

வெள்ளை அடித்தாயா?

லோனி


லாரல் ஃபோர்க்
2008 ஆகஸ்ட் 10

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அதில் ஷெல்பி உன்னோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. வாயில் இருந்த பல் எப்போது விழுந்தது என்று உனக்குத் தெரியவில்லை. நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறாய், லோனி? அதை மட்டும் எழுது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே போன் மணியின் விளக்கு மினுக்குகிறது. அவள்தான் என்று தெரியும். எடுத்து, "ஷெல்பி, அத்த நல்லாருக்கேன்டி. சாப்டியா? ஸ்வெட்டர் போட்டுக்கிட்டியா?" என்று நானாகப் பேசுகிறேன். கொஞ்ச நேரம் காதில் வைத்திருக்கிறேன். காற்று மாதிரி ஏதோ வருகிறது. அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு ஒரு நாளும் தெரியப்போவதில்லை. அப்புறம் வைத்துவிடுகிறேன். அவளுக்கு எழுதச் சொல்.

வெள்ளை அடிக்கவில்லை.

நடீன்


லாரல் ஃபோர்க்
2008 செப்டம்பர் 28

லோனிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபமா, வேலையா, தபால் தொலைந்ததா தெரியவில்லை. ஷெல்பி ஒரு அட்டை அனுப்பியிருந்தாள். படகு வரைந்து, "நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுதியிருந்தாள். ஜுரம் வந்தால் அவள் சொல்கிற வாசகம் அது.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பிள்ளைகள் வரிசையில் வருகிறார்கள், தட்டை நீட்டுகிறார்கள், போடுகிறேன். என்னைத் தெரியாத மாதிரி அடுத்த வரிசைக்குப் போக ஒருத்தி இல்லை. சாயங்காலம் ஒரு ஆளுக்குச் சமைக்கவே பிடிக்கவில்லை, ரொட்டியும் பாலும் போதும் என்று ஆகிவிட்டது. தனியாக இருக்கிறேன், தம்பி. இதைச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். சொல்லிவிட்டேன்.

அவளைத் திருப்பி அனுப்பு என்று கேட்கவில்லை. உன் பிள்ளை. ஒரு வரி எழுது, போதும்.

அக்கா


கோடியாக்
2008 நவம்பர் 16

அன்புள்ள நடீன் அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பொய் எழுத மனமில்லை, உண்மையை எழுதத் துணிவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

நான் எத்தனை மணிக்கு வருகிறேன் என்று கேட்டாய். அவள் தூங்கியபிறகு வருகிறேன். எழுந்திருக்கும் முன்னால் போய்விடுகிறேன். பருவம் முடிந்தால் குறையும் என்று நினைத்தேன், ஒரு மீன் முடிந்தால் இன்னொரு மீன் வருகிறது. ஒரு நாள் மிஷின் பழுதாகி மத்தியானமே வந்தேன். ஷெல்பி வீட்டுக்குள் இல்லை. கட்டடத்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "இங்க ஏன் உட்கார்ந்திருக்க?" என்றேன். "இங்கதான் ஆளுங்க போவாங்கப்பா" என்றாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் உட்காருகிறாளாம். மிலாக்ரோஸ் சொன்னாள். அவளும் என்னைப்போலத்தான் ராத்திரி வருகிறாள், அவள் என்ன செய்வாள்.

அப்போதே அனுப்பியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நாள், கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் பாதி வருஷத்துக்கு மேல் ஆகிவிடும், இந்தத் தடவை யாரும் என் பிள்ளையை இல்லை என்று சொல்ல முடியாது என்று இருந்துவிட்டேன். ஆலையில் என்னோடு வேலை பார்க்கிறவன் ஒருவன் போன ஞாயிறு லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். அவனுக்கும் விஷயம் தெரியும். அவளை வைத்துக்கொண்டே, "கிறிஸ்துமஸ் வரைக்கும் வச்சுக்க லோனி. கணக்கு நேராயிடும். அப்புறம் டிக்கெட் போடு" என்றான். நான் சிரித்தேன். சிரித்துத் தொலைத்தேன்.

அவன் போனபிறகு ஷெல்பி தட்டையெல்லாம் கழுவி வைத்தாள். அப்புறம் கேட்டாள். "அப்பா, பாதி வருஷம் எப்ப முடியும்?"

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். உதவி செய்கிறாள் எனக்கு. இன்னும் எத்தனை நாள் உதவி செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறாள்.

நன்றி கூறும் நாள் பண்டிகைக்கு முன்னால் அவளை அனுப்புகிறேன். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி லெக்சிங்டனில் நில். ஒரு மாதம் பொறுத்தால் கணக்கு நேராகும் என்று எனக்கும் தெரியும். நேரானபிறகு அனுப்பினால், அதற்காகத்தான் அவளை வைத்திருந்தேன் என்று காலத்துக்கும் நினைத்துக்கொள்வாள். அதற்கு முன்னாலேயே அனுப்பினால், அப்பா சும்மாதான் கூப்பிட்டார், பார்க்க ஆசைப்பட்டுக் கூப்பிட்டார் என்று ஒரு நாள் புரியலாம். எனக்கு அது போதும்.

போன வருஷத்து விஷயத்தையும் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் உன் வீட்டில்தான் இருந்தாள், என் வீட்டில் இல்லை என்று. என் கையாலேயே எழுதினேன். இனிமேல் உன் பேரில் போட்டுக்கொள். மாதத்தைக் கேட்பார்கள், உள்ளதைச் சொல்.

தலை பின்னக் கற்றுக்கொண்டேன். சுமாராக வரும். விமானத்துக்கு நானே பின்னி அனுப்புகிறேன், பிரிக்காமல் பார்.

லோனி


லாரல் ஃபோர்க்
2009 பிப்ரவரி 8

என் தம்பி லோனிக்கு,

நானும் ஷெல்பியும் சுகம். உன் கை எப்படி இருக்கிறது? அங்கே தனியாகச் சாப்பிடும்போது நின்றுகொண்டே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. பணம் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, எழுது.

பின்னல் கோணலாகத்தான் இருந்தது. அவள் நாலு நாள் அவிழ்க்க விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அப்படியேதான் போனாள். இப்போதெல்லாம் சமையலறையில் என் வரிசையிலேயே வந்து தட்டை நீட்டுகிறாள். நான் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறேன்.

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு வரிக் கணக்குக் கொடுக்கப் போனேன். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்த நாலைந்து வருஷமும் அவளைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டுதான் போனேன். "உங்களை நம்பி யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். அவள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், யாரும் இல்லை என்பேன் நான். நேற்றுதான் முதல் தடவையாக இருக்கிறாள் என்றேன். என்ன உறவு என்றார்கள். தம்பி மகள் என்றேன். மாதம் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். பிரிண்ட் வந்தது. என் பேருக்குக் கீழே அவள் பேர். சந்தோஷப்பட்டேன் லோனி, மறைக்கவில்லை.

ஷெல்பி அந்தக் காகிதத்தை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். "அப்பா பேரு எங்க இருக்கு?" என்றாள். கணக்குப் போட்ட பெண், "அது இதுல வராதும்மா. ஒரே வீட்ல இருக்கறவங்க பேரு மட்டும்தான்" என்றாள். ஷெல்பி மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். வரும் வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்.

"அத்த, என்னை நீ போட்டுக்கிட்ட. அப்பாவ யாரு போட்டுக்குவாங்க?"

பெரியவர்களை யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். "அப்பாவையே கேட்டு எழுதலாம்" என்றேன். இதோ, கேட்டு எழுதிவிட்டேன். அவள் இப்போதே தபால் பெட்டியைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

உன் அக்கா
நடீன்